மூக்கில்லாத நரியின் மூக்குரிமை

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் ஒரு தூக்கணாங்குருவி புது மாதிரிக் கூடு பின்னியது. வாசல் கீழே பார்த்திருக்கும். பாம்பு ஏறி வந்தால் வழுக்கி நேரே தண்ணீரில் விழும். அப்படியொரு மூளை!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். யார் எதைப் புதிதாகக் கண்டுபிடித்தாலும் ஆமையிடம் மனுப் போட வேண்டும். வேறு யாராவது அதை முன்பே செய்திருக்கிறார்களா என்று ஆமை காடு முழுக்க நடந்து பார்க்கும். பிறகுதான் 'இது உனக்கே சொந்தம்' என்று உரிமை தரும். குருவி போன மழைக்கே மனுப் போட்டது. ஆமை இன்னும் பாதிக் காட்டைத் தாண்டவில்லை!

குருவிக்குப் பொறுக்கவில்லை. யானை ராஜாவிடம் பறந்தது. "ராஜா, என் பெண்டாட்டி முட்டையிட்டாச்சு. உரிமை வர்றதுக்குள்ள குஞ்சுக்குப் பேரன் பிறந்துடும்!"

"இவ்வளவுதானே!" ராஜா தும்பிக்கையைத் தூக்கிச் சட்டம் போட்டார். இனி மனு வந்த அன்றே, பொழுது சாய்வதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஆமைக்கு ஓய்வு, முயலுக்கு வேலை! குருவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாளே நரி மரத்தடியில் வந்து நின்றது. "ஏய் குருவி! மரத்துல தொங்குற கூடு என் கண்டுபிடிப்பு. முயல் நேத்தே உரிமை கொடுத்தாச்சு. குடியிருக்கணும்னா வாடகையா முட்டையைப் போடு!"

குருவி பதறியடித்து முயலிடம் போனது. "அடப்பாவி! நரி எங்கேயாவது கூடு கட்டுமா? நீ பார்க்கவே இல்லையா?"

"பார்க்கிறதா? பார்த்துக்கிட்டு நின்னா பொழுது சாஞ்சிடுமே!"

"அப்போ என் மனு?"

"அது பழைய மனு. புதுச் சட்டம் புது மனுவுக்குத்தான். அடுத்தது யாரு?"

குருவி அழுதுகொண்டே ராஜாவைத் தேடிப் போனது. ராஜா அப்போதுதான் ஏரியில் தும்பிக்கையை விட்டார்.

"நில்லுங்க ராஜா!" நரி அங்கேயும் வந்துவிட்டது. "மூக்கால தண்ணி உறிஞ்சுற உரிமை என்னோடது. இன்னிக்குத்தான் வாங்கினேன்."

"உனக்கு அந்த மூக்கே இல்லையேடா!"

"மூக்கு இல்லைதான். உரிமை இருக்கே! சட்டம் நீங்க போட்டதுதானே?"

ஏரிக்கரையே சிரித்தது. நாக்கு வறண்ட ராஜா அங்கேயே சட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு ஆமையிடம் ஓடினார். "ஆமையாரே, முதல்ல என் மூக்கைப் பாருங்க!"

"வரிசையில நில்லுங்க ராஜா. குருவி முன்னால நிக்குது."

ஆமை ஆடி அசைந்து மரத்தடிக்கு நடந்தது. கூட்டை அண்ணாந்து பார்த்தது. ஒரு புல்லைக் கிள்ளி நரியிடம் நீட்டியது. "எங்கே, ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டு."

நரி புல்லைப் பார்த்தது. ஆமையைப் பார்த்தது. எடுத்தது ஓட்டம்!

"மிச்சக் காட்டையும் பார்த்துட்டுத்தான் உனக்கு உரிமை," என்றது ஆமை.

"மெதுவாவே பாருங்க!" என்ற குருவி, கூட்டுக்குள் போய் முட்டைகளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டது.

ஆராய்ந்து பார்க்காமல் அவசரத்தில் அள்ளிக் கொடுக்கும் உரிமை, உழைத்தவன் வயிற்றில்தான் அடிக்கும்.