முள்ளம்பன்றி வாங்கிய ராஜரக வண்டி

மூங்கில் காட்டு மேட்டில் ஒரு வளை. அதில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி, மனைவி கூராயியோடும் நான்கு குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது.

கோடை வந்தால் அந்தக் காட்டில் மூங்கில்கள் உரசித் தீப்பிடிக்கும். ஆற்றைத் தாண்டினால்தான் உயிர் பிழைக்கலாம். முள்ளம்பன்றிக்கோ குட்டைக் கால்கள். குட்டிகளுக்கு அதைவிடக் குட்டை. போன கோடையில் கரை சேர்வதற்குள் கடைசிக் குட்டியின் வால் கருகிவிட்டது.

"இந்த வருஷம் வண்டி வாங்கியே ஆகணும்!" என்றது கூராயி. இழுத்துப் போகக் கடமான் ஒன்று ஒப்புக்கொண்டது.

ஆலமரத்தடியில் மைனாவின் வண்டிக்கடை இருந்தது. கடமானையும் கூட்டிக்கொண்டு குடும்பமே கிளம்பிப் போயிற்று.

"வாங்கய்யா, வாங்கம்மா! இது சாதா ரகம். நாலு சக்கரம், ஒரு அகலப் பலகை, அவ்வளவுதான். இது நடுத்தர ரகம். கூரை உண்டு. அதோ நிக்குது பாருங்க, அது ராஜரகம்!"

ராஜரகத்தைப் பார்த்ததும் சிலுப்பன் வாயைப் பிளந்தது. கூரை, கதவு, ஆளுக்கொரு இலவம்பஞ்சு இருக்கை, ஜன்னலுக்கு மயிலிறகுத் திரை!

"என்னங்க, நமக்குச் சாதாவே போதும். குட்டிகளைச் சட்டுனு அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடலாம். வெயிலுக்கு ஒரு கூரை மட்டும் போட்டுக்கலாம்" என்றது கூராயி.

"கூரை தனியா வராதும்மா! நடுத்தரத்தோடதான் வரும்."

"சரி, நடுத்தரமே குடு. பிள்ளைங்க விழாம இருக்க ஒரு கதவு வச்சுத் தருவியா?"

"கதவு ராஜரகத்துலதான்! கதவு எடுத்தா பஞ்சு இருக்கையும் எடுக்கணும். இருக்கை எடுத்தா திரை இலவசம்!"

கூராயிக்குத் தலை சுற்றியது. சிலுப்பனுக்கோ தலைகால் புரியவில்லை.

"பக்கத்து வளைப் பெருச்சாளியே நடுத்தரம் வச்சிருக்கு, கூராயி! நாம ராஜரகத்துல போய் இறங்கினா எப்படி இருக்கும்!"

"முதல்ல ஏறி உட்கார்ந்து பாருங்கய்யா!" என்றது மைனா.

ஆறும் முட்களை ஒடுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தன. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக இருந்தது. கடமான் ஆற்றங்கரை வரை மெதுவாக ஒரு சுற்று இழுத்துப் போயிற்று. குளிர்ந்த காற்று. குட்டிகள் தூங்கியே விட்டன. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? வளையில் சேர்த்து வைத்த வள்ளிக்கிழங்கு அத்தனையும் மைனாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

சித்திரை பிறந்தது. ஒரு மத்தியானம் மேற்குச் சரிவில் புகை எழுந்தது. மூங்கில்கள் படபடவென வெடித்தன.

"தீ! தீ!"

ஆறும் மேட்டடியில் கடமானோடு நின்ற வண்டியை நோக்கி ஓடின. அப்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது.

பயந்தால் முள்ளம்பன்றிக்கு என்ன ஆகும்? முட்கள் எழும்பும்! பிறந்த நாளிலிருந்து எழும்புகிற முட்கள். ஆனால் பாருங்கள், வண்டி பார்க்கப் போன அன்று ஆறில் ஒன்றுக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை! இப்படியும் ஒரு மறதி உண்டா?

சிலுப்பன் முதலில் உள்ளே பாய்ந்தது. முதுகு முட்கள் கூரையில் குத்தி நின்றன. பக்கவாட்டு முட்கள் பஞ்சு இருக்கையில் இறங்கின. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மூத்த குட்டி கதவில் சிக்கிக்கொண்டது. அதன் பின்னால் மற்ற மூன்றும் அலறின. அலற அலற முட்கள் இன்னும் விறைத்தன.

"முள்ளை மடக்குங்கடா!" என்று கத்தியது சிலுப்பன்.

"மடங்க மாட்டேங்குதேப்பா! பயமா இருக்கே!"

"உங்களுதே மடங்கல, பிள்ளைங்களைச் சொல்றீங்களா!" என்றது கூராயி. தீ வளையின் வாசலுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நான்கு பிள்ளைகளும் கண்ணெதிரே வெந்துபோகும்!

"கடமான் அண்ணே! கூரையை முட்டி உடைங்க!"

"ஐயோ, ராஜரகமாச்சே தாயி!"

"உடைங்கன்னா உடைங்க!"

கடமான் கொம்பால் முட்டியது. கூரை பறந்தது. இன்னொரு முட்டில் கதவு பெயர்ந்தது. இருக்கைகளைக் கூராயி பல்லால் கடித்துப் பிடுங்கி எறிந்தது. மிஞ்சியது சக்கரங்களும் வெறும் பலகையும்தான். விறைத்த முட்களோடு குட்டிகளை ஆளுக்கொரு மூலையில் ஏற்றியது. கடமான் தலைதெறிக்க ஓடியது. தீப்பொறிகள் பின்னாலேயே துரத்தி வந்தன.

ஆற்றைக் கடந்து அக்கரை ஏறிய பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தால், மேடு முழுவதும் நெருப்பு. சிலுப்பனின் பக்கவாட்டு முட்களில் ஒரு பஞ்சு இருக்கை இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது.

கடைசிக் குட்டி அகலப் பலகையில் இப்படியும் அப்படியும் உருண்டு பார்த்தது.

"அப்பா! இந்த வண்டி ரொம்ப நல்லா இருக்கே! அந்த மைனா கடையில இந்த மாதிரி ஒண்ணு இல்லையா?"

சிலுப்பன் தலையைக் குனிந்துகொண்டது.

குடும்பத்துக்கு வண்டி வாங்குகிறவர், நிம்மதியான நாளில் அதில் எப்படி உட்காருவோம் என்று பார்க்காமல், ஆபத்தான நாளில் எப்படித் தப்புவோம் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.