முப்பத்தொன்றாம் தேதியின் ராசிபலன்

போகாத மாணவர் விடுதிக்குப் போனதாகத் தேதி போடுவதில் ஆய்வு அதிகாரி ஞானசிகாமணி கெட்டிக்காரர். அந்தத் தேதிகளைச் சரிபார்க்க, தற்காலிகக் கணினி ஆபரேட்டர் பேச்சியம்மாள் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். இல்லாத தேதி வந்தால் கட்டம் சிவந்துவிடும்.

கலெக்டர் கூட்டத்தில், திரையில் அவர் பெயருக்கு நேரே சிவந்தது: ஜூன் 31.

"ஸ்கிரிப்ட் தப்பு மேடம். அன்னிக்கு நான் விடுதிச் சாம்பாரையே ருசி பார்த்தேன். அதை மாத்தச் சொல்லுங்க இவளை."

"மாத்திடுதேன் சார்," என்றாள் பேச்சியம்மாள். "தினமும் ஆபீஸ் காலண்டர்த் தாளைக் கிழிச்சு ராசிபலன் படிப்பீங்களே. அன்னிக்கு என்ன போட்டிருந்துச்சு?"

"விருச்சிகத்துக்கு 'வெற்றி'," என்றார் யோசிக்காமல்.

"முப்பதாம் தேதியைக் கிழிச்சதும் அடுத்து எந்தத் தாள் வந்துச்சு சார்?"

அவர் கையை மேசைக்கு அடியில் இறக்கி, விரல் முட்டிகளில் ஜனவரியிலிருந்து மாதங்களை எண்ணினார். முப்பத்தொரு நாள் மாதமெல்லாம் மேட்டில் நின்றது. ஜூன் பள்ளத்தில் விழுந்தது. அவர் தலையும் கூடவே தாழ்ந்தது.

மற்ற அதிகாரிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பேச்சியம்மாள் பட்டியலை மெல்லக் கீழே நகர்த்தினாள். அவர்கள் பெயர்களும் சிவப்புக் கட்டங்களோடு வரத் தொடங்கின.

சிரிப்பு நின்றது. எல்லார் கையும் மேசைக்கு அடியில் போனது.