மூன்றாவது கம்பி

"நான் வாசிச்சதுல ஒரு சுரம்கூடத் தப்பல," என்றார் தனராஜ். "அப்பவும் உங்க பேரைத்தான் கத்துறாங்க."

ஜெசிந்தா தொட்டிக்குள் கையை விட்டு, செத்த மீன் ஒன்றை வலையால் தேடிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பாட்டுல?"

"'கடைசி வண்டி'யில. வேற எதுல?"

கொளத்தூரில் அவளுடைய வண்ணமீன் கடை அது. சில வருடங்களுக்கு முன்புவரை அவள் 'உப்புக்காற்று' ராக் குழுவின் கிட்டார்காரி. அவள் முகம் அச்சிட்ட பனியன்கள் மெரினாவில் விற்றன. பிறகு இடது காது போயிற்று. இனி மேடையில் ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்றால் வலதும் போகும் என்றார் மருத்துவர்.

அவள் இறங்கிக்கொண்டாள்.

அந்த இடத்துக்கு வந்தவர் தனராஜ். அவளைவிட நிறைய மூத்தவர். சினிமாப் பாட்டுகளுக்கு ஸ்டுடியோவின் மூலையில் உட்கார்ந்து வாசித்தவர். அவர் வாசிப்பைக் கேட்காதவர்கள் ஊரில் இல்லை. அவரைத் தெரிந்தவர்களும் இல்லை.

"கிரிதர் என்ன சொல்றான்?" என்றாள். கிரிதர் டிரம்ஸ் வாசிப்பவன். குழு அவனுடையது.

"சனிக்கிழமை நந்தனம் கச்சேரி முடியட்டும், அப்புறம் பேசலாம்னான். மரியாதையாத்தான் சொன்னான். வார்த்தைக்கு வார்த்தை அண்ணா போட்டு."

"அப்ப வேற ஆள் பாத்துட்டான்."

தனராஜ் சிரிக்கவில்லை.

"நீங்க வாசிச்ச மாதிரி வாசிக்கச் சொல்லிக்கொடுங்க, ஜெசிந்தா. என்னால ஸ்டுடியோவுக்குத் திரும்பிப்போக முடியாது. அந்த வெளிச்சத்துல ஒரு தடவை நின்னுட்டேன்."

ஒரு பெண் கடைக்குள் எட்டிப்பார்த்தாள்.

"சாகாத மீன் எதுனா இருக்கா? போன தடவ வாங்குனது ஒரு வாரம்கூடத் தாங்கல. பையன் ஒரே அழுகை."

"சாகாதது இல்லக்கா. மெதுவா சாகுறது இருக்கு."

பெண் யோசித்தாள். "சரி, அதுலயே ரெண்டு குடு."

அவள் போனபின் ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசிங்க."

தனராஜ் உறையிலிருந்து கிட்டாரை எடுத்தார். அதன் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு ட்யூனர் கவ்விக்கொண்டிருந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினார். சுருதி சரியாக நின்றபோதெல்லாம் அதில் பச்சை எரிந்தது. ஆறு கம்பிக்கும் எரிந்தது.

ஸ்பீக்கரில் இணைக்காத எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் கொசுவின் சத்தம். ஜெசிந்தா குனிந்து வலது காதை அதன் மரத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர் பாட்டில் கூட்டம் கத்தும் இடத்துக்கு வந்தார். ஒரு சுரம் கீழிருந்து கிளம்பி, தயங்கி, நடுங்கி, தன் இடத்தில் போய் நிற்கும். ரசிகர்கள் அதற்கு 'ஜெசியின் அழுகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ரெக்கார்டில் எங்கே நடுங்கியதோ அங்கே நடுங்கியது.

"நல்லா இருக்கு," என்றாள்.

"அப்புறம்?"

"நான் இப்படி வாசிச்சதில்ல."

"ரெக்கார்டுல இப்படித்தான் இருக்கு! தினம் காலைல அதைத்தான் கேக்குறேன். என் வீட்டம்மா குக்கர் விசிலோட சேந்து அதைப் பாடுறா."

ஜெசிந்தா மீன் தீவன மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கிட்டாரை இழுத்தாள். வண்ணம் உரிந்திருந்தது. தனராஜுக்கு அதைத் தெரியும். பனியன்களில் அவள் கையில் இருப்பது.

"இதுல வாசிங்க."

சுருதி சேர்த்துவிட்டு வாசித்தார். பாதியில் நிறுத்தினார். மூன்றாவது கம்பி சுருதி இறங்கியிருந்தது. கிட்டாரின் தலையில் அந்தக் கம்பிக்கான கீயை முறுக்கி ஏற்றினார். மறுபடி வாசித்தார். மறுபடி இறங்கியது.

"கீ தேஞ்சிருக்கு."

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"வாங்குனப்பவே அப்படித்தான். செகண்ட் ஹேண்டு."

அவர் கம்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அப்ப அந்த அழுகை?"

"கம்பி இறங்கிடும். விரலால தள்ளி மேல ஏத்தணும். இல்லன்னா அபஸ்வரம். அத்தனை பேர் முன்னாடி அபஸ்வரம் வரப்போகுதுன்னா அழுகை வராதா அண்ணா?"

தொட்டிகளில் காற்றுக்குழாய்கள் குமிழிவிட்டுக்கொண்டிருந்தன.

"கெட்டுப்போன கீயைச் சமாளிச்சதையா," என்றார் தனராஜ் மெதுவாக, "நல்ல கீ போட்ட கிட்டார்ல உக்காந்து மனப்பாடம் பண்ணேன்?"

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீ வரவழைத்தாள்.

டீ குடித்து முடித்ததும் அவர் சொன்னார்: "சனிக்கிழமைக்கு மட்டும் இந்தக் கிட்டாரைக் குடுங்க."

"எவ்வளவு இறங்கும்னு தெரியுமா?"

"எவ்வளவு?"

"எனக்கும் தெரியாது. மழைன்னா ஒரு மாதிரி. வெயிலுன்னா ஒரு மாதிரி. நீங்க தினம் கேக்குறீங்களே, அது ரெக்கார்டு பண்ண அன்னிக்கு இறங்குனது."

கிட்டாரை வாங்கி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு அவருடைய கிட்டாரின் தலையிலிருந்து ட்யூனரைக் கழற்றி, பக்கத்துத் தொட்டியில் போட்டாள்.

"ஐயோ!"

தண்ணீருக்குள் ஒருமுறை பச்சை மின்னியது. அணைந்தது. மீன்கள் வந்து முகர்ந்துவிட்டுப் போயின.

"புதுசு அது," என்றார் தனராஜ்.

"தெரியுது."

அவருடைய மூன்றாவது கம்பியின் கீயைப் பிடித்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டே திருகினாள்.

"எவ்வளவு இறக்கினீங்க?"

"பாக்கல. வாசிங்க."

வாசித்தார். அபஸ்வரம். இன்னொரு முறை. அதுவும்தான். மீன் வாங்க வந்த ஒருவர், "கத்துக்குறாரா?" என்று விசாரித்தார்.

"ஆமா," என்றாள் ஜெசிந்தா. "இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கார்."

கிளம்பும்போது அவர் கேட்டார்: "சனிக்கிழமை வருவீங்களா?"

"இருக்குறது ஒரு காது, அண்ணா."

சனிக்கிழமை வந்தாள். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றாள். கிரிதர் மட்டும் பார்த்தான். டிரம்ஸ் குச்சியை உயர்த்தி வணக்கம் வைத்தான்.

'கடைசி வண்டி' தொடங்கியது. அந்த இடம் நெருங்கும்போதே கூட்டம் கத்த ஆரம்பித்தது. பஞ்சையும் மீறி அவள் நெஞ்சில் அது இடித்தது.

ஜெசி. ஜெசி.

தனராஜ் விளக்குக்குள் வந்தார். இடது கையைக் கிட்டாரின் தலைக்குக் கொண்டுபோனார். வானத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது கீயைத் திருகினார்.

கிரிதர் பதறிப்போனான். தாளம் மட்டும் நிற்கவில்லை.

அவருடைய விரல் கம்பியைத் தள்ளியது. போதவில்லை. இன்னும் தள்ளியது. அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்ள, கும்மிருட்டில் படி தேடும் காலைப்போல விரல் தேடிக்கொண்டு போனது.

முன்வரிசையில் பனியன் போட்ட ஒருவன் வாயைத் திறந்தான். கத்தாமல் அப்படியே நின்றான்.

ஜெசிந்தா வலது காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.