முன்னுக்கு வந்த கோணப்பாறை

"மூணு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி, அதிலும் பாதி சேறு! குடிச்சுட்டு எம்புள்ள வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கான். ஊர்த்தலைவரே, காது கேட்குதா இல்லையா?"

இதையே கத்திக் கத்திச் சவரியம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோணப்பாறைத் தலைவர் பொன்னுரங்கத்துக்குக் காது நன்றாகவே கேட்டது. யோசனையில் இருந்தார், அவ்வளவுதான். அவர் யோசித்தாலே ஊருக்கு ஆபத்துதான்.

முந்தின நாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்திருந்தார். கையோடு கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தார். "ரொம்பப் பின்தங்கிய ஊர். முதல்ல இதை முன்னுக்குக் கொண்டுவாங்க, குழாய் தன்னால வரும்" என்றார். போய்விட்டார்.

"பின்தங்கினோம்னா, யாருக்குப் பின்னாடி?" என்றார் பொன்னுரங்கம்.

"டவுன்லேருந்து வந்தா முதல்ல புளியம்பாடி, அப்புறம்தான் நாம" என்றான் அவர் அக்கா மகன் மச்சக்காளை.

"எப்பத் தங்கினோம்?"

"நம்ம முப்பாட்டன் காலத்துல. நடந்த அசதியில உட்கார்ந்திருப்பாங்க."

"அப்ப ஊரைத் தூக்கிப் புளியம்பாடிக்கு முன்னாடி வைக்கணும்."

"ஊரைத் தூக்க முடியுமா மாமா?"

"பேரைத் தூக்கலாமே!"

சவரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கூறுகெட்டவங்களா, கிணத்தைத் தூர் வாருங்கடா!"

கிணறு கீழே போகிற சமாச்சாரம். அவர்களோ முன்னால் போகிற அவசரத்தில் இருந்தார்கள். ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைப் பிடுங்கிச் சுமந்துபோய், புளியம்பாடியைத் தாண்டி நட்டுத் தேங்காய் உடைத்தார்கள்.

அதிகாரி மறுபடி வந்தார். பலகையைப் பார்த்தார். ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. "பலே! ஊர் முன்னேறிடுச்சு. ஜனங்கதான் இன்னும் பின்தங்கியிருக்காங்க" என்று, பலகையின் காலடியிலேயே குழாய் போடச் சொல்லிவிட்டார்.

சவரியம்மாள் வீட்டிலிருந்த பெரிய குடத்தை எடுத்துக்கொண்டு புளியம்பாடி வழியே வேர்க்க விறுவிறுக்க நடந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கொட்டியது. குடம் நிரம்பியது. அந்த நேரம் பார்த்து, புளியம்பாடிக்காரர்கள் தங்கள் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுன் பக்கம் ஓடினார்கள்.

"ஐயையோ, மறுபடியும் பின்தங்கிட்டோம்டா!" காவலுக்கு நின்ற பொன்னுரங்கம் பலகையைப் பிடுங்கினார். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு கோணப்பாறைக்காரர்கள் எல்லாரும் ஓட்டம். குழாய் போட்ட ஆள் மட்டும் ஒரு நிமிஷம் நின்றார்.

"கோச்சுக்காதீங்கம்மா, பலகைக்குக் கீழன்னுதான் உத்தரவு" என்று குழாயைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரும் பின்னாலேயே ஓடினார்.

நடுரோட்டில் சவரியம்மாளும் அந்த நிறைகுடமும். இரண்டு ஊர்களும் புழுதிக்குள் சின்னதாகிக்கொண்டே போயின.

"ஏம்ப்பா, முன்னேறப் போறவங்களே! இந்தக் குடத்தைக் கொஞ்சம் தூக்கி விட்டுட்டுப் போங்களேன்!"