கை நுழையும் இடம்

அந்த அறுவை அரங்கில் செய்பவர் நோயாளியின் வலப்பக்கம் நிற்பார், கற்பவர் இடப்பக்கம்.

டாக்டர் தனிஸ்லாஸ் மூன்று மாதமாக இடப்பக்கம் நின்றார். வெளிநாட்டில் இருபது வருஷம் வயிற்றைத் திறந்து, வீங்கிய பெருநாடியை மாற்றித் தைத்தவர். நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி, தன்னைவிட இளைய டாக்டர் மெஹருன்னிசாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

மெஹருன்னிசா தொடையிடுக்கில் ஊசி குத்துவார். கம்பி ஒன்று இரத்தத்தை எதிர்த்து ஏறும். வீங்கிய இடத்தில், கம்பி வழியே போன துணியுறை குழாய்க்குள் மொட்டவிழ்வதுபோல் விரியும். மறுநாள் நோயாளி எழுந்து காபி கேட்பார். பார்க்கும்போதெல்லாம் தனிஸ்லாஸுக்கு மூச்சு நின்றுவிடும். தன் கைகளை நினைத்தால் கூச்சமாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் பேச்சிமுத்து வந்து படுத்தார்.

"வயித்துக்குள்ள எவனோ டபுள் விசில் குடுக்கான் டாக்டரம்மா. வண்டி கிளம்பிருமோ?"

"கம்பியிலேயே முடிச்சிரலாம்," என்றார் தனிஸ்லாஸ் அவசரமாக.

"ஏன் டாக்டர்?" என்றார் மெஹருன்னிசா.

"அதுதானே உயர்ந்த வழி? கத்தியின் காலம் முடிஞ்சுபோச்சு."

"அவர் வயித்துல கையை வையுங்க."

வைத்தார். உள்ளங்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எத்தனையோ வயிறுகளைத் தொட்ட கைதான். இன்றைக்கும் சிலிர்த்தது. தேய்ந்த குழாய்ச் சுவர் ஒன்றின் மேல் ஒரு மனிதர் முழுசாக நின்றுகொண்டிருந்தார்.

"மேல் விளிம்பு எங்கே?"

விலா எலும்புக்கும் வீக்கத்துக்கும் நடுவே கை நுழைய இடம் தேடினார். இல்லை. சிறுநீரகத்துக்குக் கிளை பிரியும் இடம்வரை ஏறியிருந்தது வீக்கம்.

"மேலே நல்ல சுவரே இல்லாம உறை எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

தனிஸ்லாஸ் கையை எடுத்தார்.

"ஸ்கேனைப் பார்த்தீங்களே?"

"பார்த்தேன். எப்படியாவது நின்னுரும்னு நினைச்சேன்."

"அப்ப எனக்குக் கத்தியா?" பேச்சிமுத்து தலையைத் தூக்கினார். "பக்கத்துக் கட்டில்காரரு மறுநாளே நடந்தாரே!"

"நீங்க நடக்க நாளாகும் அண்ணாச்சி," என்றார் மெஹருன்னிசா. "ஆனா அவரு உறை நகராம இருக்கான்னு ஆயுசுக்கும் இங்க வந்து படமெடுக்கணும். அவரு இதயம் கத்தியைத் தாங்காது. உங்களுது தாங்கும்."

வெளியே வந்தார்கள்.

"உயர்ந்த வழி எதுன்னு நீங்க சொல்லவே இல்லையே," என்றார் தனிஸ்லாஸ்.

மெஹருன்னிசா கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"இவ்வளவு மேலே ஏறின வீக்கத்தை நான் திறந்ததே இல்லை. நான் படிக்கும்போதே கம்பி வந்துருச்சு," என்றார். "நாளைக்கு நீங்க வலப்பக்கம் நில்லுங்க, சார்."