பதினாறாம் நாள் எழுதிய மாற்றம்

கணினியின் எல்லா வேலையையும் அடியிலிருந்து தாங்குவது கர்னல். அந்த ஆபீஸில் அதன் புதுப் பதிப்பு வந்த நாளிலிருந்து மிஷின்கள் பாதியிலேயே உறைந்து நின்றன.

"எட்டாயிரம் மாற்றத்துல எது கெடுத்துச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இல்லேன்னா வேலாயுதம் பண்ண வேலைன்னு எழுதி அனுப்பிடுவேன்" என்றார் மேலாளர் கஜபதி. செத்துப்போன வேலாயுதம் வாதாட வரமாட்டார் என்ற தைரியம். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஆறு வருடம் வேலை பார்த்த ஒப்பந்த ஊழியர் தமயந்தி உடனே தேட உட்கார்ந்தாள்.

எட்டாயிரத்தையும் யார் படிப்பது? முதல் பாதி மாற்றங்கள் மட்டும் சேர்ந்த பதிப்பை ஓட்டிப் பார்த்தாள். ஓடினால் பிழை பின்பாதியில், உறைந்தால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் கழித்து, பதின்மூன்றாம் தடவை ஒரே மாற்றத்தில் வந்து நின்றாள்.

"வேலாயுதம் பேர்தானே போட்டிருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார் கஜபதி.

"ஆமா சார், அவர் பேர்தான். தேதி மட்டும் அவரோட பதினாறாம் நாள் காரியம். நாங்கல்லாம் இலை முன்னாடி உக்காந்திருந்தோம். நீங்கதான் ஆபீஸ்ல அவசர வேலைன்னு சாப்பிடாம கிளம்பினீங்க. அவர் பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருந்துச்சு?"

கஜபதியின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

தமயந்தி அந்த மாற்றத்தை நீக்கினாள். காரணம் எழுதும் இடத்தில், "இதை வேலாயுதம் எழுதவில்லை" என்று அடித்தாள். பிறகு, ஆறு வருடப் பழக்கத்தில் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒரு தடவை சரிபாத்துருங்க."