தலை தீபாவளிக்கு வந்த கார்

பேச்சிமுத்து எலக்ட்ரீஷியனாக இருந்த மதுரை அடுக்குமாடியில் செயலாளர் சிதம்பரநாதன் வைத்ததுதான் சட்டம். பால்கனியிலிருந்து, பண்டிகை விளக்கு தவிர, எந்த வயரும் தொங்கக் கூடாது என்று வாசலில் போர்டே மாட்டியிருந்தார். அதைக் காட்டித்தான், உமையாள் டீச்சர் தன் மின்சார ஸ்கூட்டருக்கு இறக்கிய சார்ஜ் வயரைச் சுருட்டவைத்தார்.

தலை தீபாவளிக்குச் செயலாளருடைய மாப்பிள்ளை மின்சாரக் காரில் வந்து இறங்கினார். சார்ஜ் மூன்றே சதவீதம்.

பேச்சிமுத்துவுக்கு ஆள் போனது. "கார் சார்ஜ் ஆகணும். நான் போட்ட சட்டத்தையும் மீறக் கூடாது. முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"அதுக்கென்ன சார்" என்ற பேச்சிமுத்து, செயலாளர் வீட்டுப் பால்கனியிலிருந்து கார் வரைக்கும் கனமான வயர் ஒன்றை இறக்கி, அது நெடுக சீரியல் பல்பைச் சுற்றிவிட்டான். "பண்டிகை விளக்கு சார்."

செயலாளருக்குப் பரம திருப்தி. கை நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் நாள் பார்த்தால், டீச்சர் பால்கனியிலிருந்தும் பல்பு சுற்றிய வயர் ஸ்கூட்டருக்கு இறங்கியிருந்தது.

"தீபாவளிதான் முடிஞ்சுபோச்சேப்பா?" என்று பேச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார் செயலாளர்.

பேச்சிமுத்து பணிவாகச் சொன்னான். "மாப்பிள்ளை இன்னும் கிளம்பலையே சார்."

சிதம்பரநாதன் அண்ணாந்து, தன் பால்கனியில் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்தார். பிறகு போர்டைக் கழற்ற ஸ்டூல் கேட்டார்.